அரைப்பேர்

சர்வேயர் விமலசூரிய தோட்டத்தில் ஆள் கேட்டார்,
கோல் பிடிக்க ஒருத்தன், சுண்ணாம்பு தூக்க ஒருத்தன்.
பெரட்டில் கணக்கப்பிள்ளை என்னையும்
மேட்டுலயத்து அழகுமுத்தனையும் கைகாட்டினார்.
மாகாண எல்லையாம். வரைபடத்தில் சிவப்புக் கோடு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊவா,
அந்தப் பக்கம் சப்ரகமுவ.

எங்கள் பேச்சில் மலை என்றால் தேயிலை.
மூணாம் நம்பர் மலையில்
கொழுந்து தானாகக் கைக்கு வரும்.
ஒன்பதாம் நம்பர் கவ்வாத்து வெட்டி மொட்டையாய் நிற்கிறது.
பதினாலாம் நம்பருக்குப் போகிற பெண்கள்
அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்ப்பார்கள்.
கடைசி நிரைக்கு அப்பால் நிற்பதை யாரும் மலை என்பதில்லை.
"மேலே" என்போம்.
மழை மேலே இருந்து வரும்.
செல்லாயியின் சிவத்தப் பசு மேலே போய்த் திரும்பவில்லை.

அந்த மேலேக்கு ஏறினோம்.
மானாப்புல் முழங்கையைக் கீறியது.
காற்றில் கோல் என்னை இழுத்தது, நான் கோலை இழுத்தேன்.
உச்சியில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான்.
ஏறி நின்றதும் மூடுபனி விலகியது:
சிகரத்துக்குப் பின்னால் சிகரம்,
அதற்குப் பின்னால் நீலமாய் இன்னொன்று,
தூரத்தில் மேற்கே சிவனொளிபாதம்,
கலண்டர் படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாய்.
அழகுமுத்தன் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றான்.
பிறகு பனி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

எல்லைக்கல் வரைபடம் சொன்ன இடத்தில் இல்லை.
புல்லை வெட்டி, மண்ணைக் கிளறி,
மத்தியானம் ஆனபோது கிடைத்தது,
ஆறு எட்டு கீழே, அம்புக்குறி வானம் பார்க்க.
"கல் நடந்ததா, மலை நடந்ததா?"
உடைந்த தமிழில் கேட்டுச் சர்வேயர் சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
மலை நடக்கும்.
கீழ்ப்பிரிவில் ஆறு காம்பிராக்களும்
அதில் தூங்கியவர்களும் இப்போது இருக்கிற இடத்துக்கு
மலைதான் நடந்து போனது, ஓர் ஐப்பசி இரவில்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டோம்.

போத்தல் மூடி கழன்று தேத்தண்ணி கொட்டியது.
பாறையின் முதுகில் அது ஒரு கணம் யோசித்து
இரண்டாய்ப் பிரிந்தது.
"பாதி உமா ஓயா, மகாவலி, திருகோணமலை.
பாதி வளவை, அம்பலாந்தோட்டை" என்றார் சர்வேயர்.
ஒரே சட்டியில் கொதித்த சாயம்,
இரண்டு கடலுக்குப் போகிறது.
எனக்கு ஒரு மிடறு மிச்சம்.

மூன்று மணிக்குக் கருவியை மூடிவிட்டுக்
கொப்பியைத் திறந்தார்.
உயரம் எழுதினார், சென்ரிமீற்றர் வரை.
கோணம் எழுதினார்.
"இதுக்கு உங்கட ஆட்கள் என்ன பேர் சொல்றது?"

நான் அழகுமுத்தனைப் பார்த்தேன்.
ஊர்ப் பிரச்சினைக்கெல்லாம் பெட்டிசம் எழுதுகிறவன்,
வார்த்தைக்குத் திண்டாடாதவன்,
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
புல்லைப் பார்த்தான்.
இங்கே யாரும் கொழுந்து பறித்ததில்லை.
யாரும் பிறந்ததில்லை. புதைத்ததில்லை.
நம்பரும் இல்லை.
எதை வைத்துக் கூப்பிடுவது?

"பேர் இல்ல சேர்."

கொப்பியில் ஒரு சின்னக் கோடு கிழித்தார்.
அதற்குக் கீழே எங்கள் பெயர்கள், கூலிக்காக.
பிறகு விலாசம் கேட்டார்.
தோட்டத்தின் பெயர் சொன்னேன். பிரிவைச் சொன்னேன்.
"வீட்டு இலக்கம்?"
காற்று இருந்ததால்
அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி
கோலைக் கழற்றத் தொடங்கினேன்.

இறங்கும்போது மழை எங்களுக்கு முன்னால் இறங்கியது.
பதினாலாம் நம்பரில் பெண்கள் இல்லை,
கொழுந்து நிறுத்துப் போய்விட்டார்கள்.
கணக்கப்பிள்ளை செக்றோலை விரித்து,
நனைந்த எங்களை மேலும் கீழும் பார்த்தார்.
கொழுந்தும் இல்லை, புல்லும் வெட்டவில்லை,
சர்வேயர் காசு சர்வேயரோடு;
தோட்டக் கணக்கில் அரைப்பேர்தான் என்றார்.
அழகுமுத்தன் பேசத் தொடங்கினான்.
நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

இரவு சட்டையை அடுப்புக்கு மேலே காயப்போட்டபடி
மனைவி கேட்டாள்,
"இன்னிக்கு எந்த மலை?"

சொல்ல வாயெடுத்தேன்.
கூரைத் தகரத்தில் மழை பலத்தது.
அவளுக்குக் கேட்டிருக்காது.